சிறையில் வளர்ந்த வேந்தன்: ஸ்காட்லாந்தின் முதலாம் ஜேம்ஸ்

அரண்மனையில் பிறந்து, அரண்மனையிலேயே வளர்ந்து, தந்தைக்குப்பின் அரியணை ஏறிய மன்னர் பலரை வரலாறு அறியும். பகைவர் நாட்டுச் சிறையில் வளர்ந்து, அங்கேயே கல்வி கற்று, அங்கேயே மணம் முடித்து, 29ஆம் வயதில் தன் நாட்டு மண்ணை மீண்டும் மிதித்து முடிசூடிய மன்னன் ஒருவன் உளன். அவனே ஸ்காட்லாந்தை ஆண்ட முதலாம் ஜேம்ஸ். அவன் கவிஞன், யாழிலும் குழலிலும் வல்லவன், ஏழை எளியவருக்காக வழக்காட வழக்கறிஞரை அமர்த்தித் தரவேண்டும் என்று சட்டம் செய்தவன். அத்தகையவன் 42ஆம் வயதில், தன் சொந்தச் சிற்றப்பன் உடந்தையாயிருந்த சூழ்ச்சியால், நள்ளிரவில் ஒரு மடத்தின் நிலவறையில் குத்துண்டு மாண்டான். சட்டத்தைப் போற்றிய மன்னனுக்கு இம்முடிவு நேர்ந்த காரணம் யாது? விடை அவன் இளமையிலும் இருக்கிறது, ஆட்சியிலும் இருக்கிறது.

தளர்ந்த தந்தை, வலிய சிற்றப்பன்

பிரிட்டன் தீவின் வடபகுதியே ஸ்காட்லாந்து. 1603இல் இரு நாடுகளுக்கும் ஒரே மன்னர் வாய்த்து, 1707இல் இரு பாராளுமன்றங்களும் ஒன்றாகும்வரை அது இங்கிலாந்தினின்றும் வேறான தனி அரசாகவே விளங்கிற்று. வடக்கிலும் மேற்கிலும் மலைநாடு. அங்கே கேலிக் மொழியும் குலத்தலைவர் ஆட்சியும் நிலவின. தெற்கிலும் கிழக்கிலும் தாழ்நிலம். அங்கே ஊர்களும் வாணிகமும் வளர்ந்தன. நாடெங்கும் பெருநிலக்கிழார்களின் கையே ஓங்கியிருந்தது. மன்னன் வலியனாயின் அவர்கள் அடங்குவர். மெலியனாயின் அவர்களே மன்னர்.

ஜேம்ஸ் 1394ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் டன்பெர்ம்லினில் பிறந்தான். தந்தை மூன்றாம் ராபர்ட் குதிரையால் உதையுண்டு கால் ஊனமுற்றவர், உள்ளமும் தளர்ந்தவர். ஆட்சியை நடத்தியவர் மன்னரின் தம்பியாகிய ஆல்பனி கோமகன் ராபர்ட். ஜேம்ஸின் தமையன் டேவிட் பட்டத்துக்குரிய இளவரசன். அவனைச் சிற்றப்பன் சிறைப்படுத்தி, பால்க்லாந்துக் கோட்டையில் வைத்தார். 1402ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவன் அங்கே இறந்தான். பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்பது ஊர்ப்பேச்சு. நாட்டின் பொதுப்பேரவையோ கோமகன் மீது குற்றமில்லை என்று தீர்ப்பளித்துவிட்டது.

எஞ்சியிருந்த ஒரே மகனையேனும் காப்பாற்ற எண்ணிய மன்னர், 11 வயதுச் சிறுவனாகிய ஜேம்ஸைப் பிரான்சுக்கு அனுப்பத் துணிந்தார். அவனை அழைத்துச் சென்ற சர் டேவிட் பிளெமிங் என்பவர் 1406 பிப்ரவரியில் எதிரிகளால் வழிமறித்துக் கொல்லப்பட்டார். சிறுவன் கடல் நடுவே நிற்கும் பாஸ் பாறை என்னும் குன்றில் ஒரு திங்களுக்கு மேலாகக் கப்பலை எதிர்நோக்கிக் காத்திருந்தான். இறுதியில் டான்சிக் நகரத்து வணிகக் கப்பல் ஒன்று வந்து அவனை ஏற்றிக்கொண்டது. மார்ச்சு 22ஆம் நாளில், இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள பிளாம்பரோ முனைக்கு அருகே ஆங்கிலக் கடற்கொள்ளையர் அக்கப்பலைப் பிடித்தனர். இளவரசன் இங்கிலாந்து மன்னர் நான்காம் ஹென்றியின் கையில் ஒப்புவிக்கப்பட்டான். பிரெஞ்சு மொழி கற்கத்தானே பையனை அனுப்பினார்கள், அதை நானே கற்றுக்கொடுப்பேனே என்று ஹென்றி நகையாடினாராம். செய்தியறிந்த தந்தை, ஏப்ரல் 4ஆம் நாள் உயிர் நீத்தார். அன்று முதல் ஜேம்ஸ் மன்னன்; ஆனால் சிறைப்பட்ட மன்னன்.

பதினெட்டு ஆண்டுச் சிறை

ஜேம்ஸின் சிறைவாழ்வு 18 ஆண்டுகள் நீண்டது. லண்டன் கோபுரம், நாட்டிங்காம், வின்ட்சர் என்று அவனை இடம் மாற்றி மாற்றி வைத்தனர். ஆங்கில மன்னர் அவனைக் கொடுமைப்படுத்தவில்லை. நல்ல ஆசிரியர்கள் வாய்த்தனர். இலக்கியம், சட்டம், இசை, விற்போர், மற்போர் அனைத்தும் கற்றான். பிற்காலத்தில் அவனை நேரில் அறிந்திருந்த இஞ்ச்கோம் மடத்துத் தலைவர் வால்டர் போவர், தாம் எழுதிய பெரு வரலாற்று நூலில் மன்னனுடைய கலைத் திறன்களை வியந்து பாராட்டியுள்ளார்.

கல்வி கிடைத்தது, விடுதலை கிடைக்கவில்லை. அவனை மீட்க வேண்டிய பொறுப்பு, ஸ்காட்லாந்தில் ஆட்சிக் காவலராக அமர்ந்திருந்த ஆல்பனி கோமகனுக்கே உரியதாயிற்று. மன்னன் திரும்பினால் தம் அதிகாரம் போய்விடும் என்பதை அவர் அறியாதவரல்லர். அவருடைய மகன் மர்டாக், 1402ஆம் ஆண்டுப் போரிலே பிடிபட்டு, இங்கிலாந்தில் சிறையிருந்தவன். 1416இல் மர்டாக் மீட்கப்பட்டு வீடு திரும்பினான். மன்னனோ அங்கேயே இருந்தான். தன் உறவினன் விடுதலை பெற்றுச் செல்வதைச் சிறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த இளைஞனின் உள்ளம் எவ்வாறு கொதித்திருக்கும் என்பதை அவனுடைய பிற்காலச் செயல்களே காட்டுகின்றன.

ஐந்தாம் ஹென்றி ஆட்சிக்கு வந்தபின் அரசியல் வேறு வகையில் அவனைப் பயன்படுத்திக்கொண்டது. அப்போது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர். ஸ்காட்லாந்து வீரர் பலர் பிரெஞ்சுக்காரர் பக்கம் நின்று போரிட்டனர். 1420இல் ஹென்றி ஜேம்ஸைப் பிரான்சுக்கு அழைத்துச் சென்று மெலுன் நகர முற்றுகையில் தன் பாசறையில் நிறுத்தினார். நகரம் வீழ்ந்ததும், அங்கே பிடிபட்ட ஸ்காட்லாந்து வீரர்கள் தங்கள் சொந்த மன்னனுக்கு எதிராகவே வாளெடுத்தவர் என்று குற்றஞ்சாட்டித் தூக்கிலிடப்பட்டனர். ஒரு மன்னனின் பெயரைக் கொண்டே அவன் குடிகளை அழிக்கும் தந்திரத்தை ஜேம்ஸ் கண்ணாரக் கண்டான். மன்னன் என்ற சொல்லுக்குள்ள வலிமையையும் ஹென்றியிடமே அவன் கற்றான்.

சிறை தந்த கவிதை

ஜேம்ஸ் சிறையில் பெற்ற செல்வங்களுள் ஒன்று கவிதை. ‘கிங்கிஸ் குவேர்’ என்னும் நெடும்பாட்டு அவன் இயற்றியது என்பது பெரும்பாலான அறிஞர் கொள்கை. ‘மன்னனின் நூல்’ என்பது அப்பெயரின் பொருள். ஏழடிச் செய்யுட்கள் 197 கொண்டது அது. கோபுரச் சாளரத்தின் வழியே சோலையைப் பார்க்கும் கைதி ஒருவன், அங்கே உலாவும் மங்கையைக் கண்டு காதல் கொள்கிறான். பின்னர்க் கனவில் காதல் தெய்வத்தையும் அறிவுத் தெய்வத்தையும் கண்டு, இறுதியில் ஊழின் பெருஞ்சக்கரத்தில் ஏறுகிறான். ஆங்கிலப் பெருங்கவிஞராகிய சாசரையும் கோவரையும் தன் ஆசான்களாக அதன் ஆசிரியன் வணங்குகிறான். அதன் ஏட்டுப் பிரதி ஒன்றே ஒன்றுதான் எஞ்சியுள்ளது. ஆக்ஸ்போர்டில் உள்ள போட்லியன் நூலகத்தில் அது காக்கப்படுகிறது. அச்சேறியது 1783இல்தான்.

அப்பாட்டின் மங்கை ஜோன் போபர்ட் என்பர். அவள் இங்கிலாந்து அரச குடும்பத்தின் கிளையிற் பிறந்தவள். ஐந்தாம் ஹென்றி 1422இல் இறந்தபின், ஆங்கில அரசு ஜேம்ஸை விடுவிக்க இசைந்தது. 1423 டிசம்பரில் உடன்படிக்கை முடிந்தது. மன்னனின் உணவுக்கும் உறைவுக்கும் ஆன செலவு என்ற பெயரில் மீட்புத் தொகை 40,000 பவுன் விதிக்கப்பட்டது. அஃது அக்கால வழக்கில் 60,000 மார்க்கு, ஆறாண்டுத் தவணை. மணமகளின் சீராக 10,000 மார்க்கு தள்ளிவிடப்பட்டது. எஞ்சிய பணம் வந்து சேரும்வரை, ஸ்காட்லாந்தின் உயர்குடிப் பிள்ளைகள் இருபதுக்கும் மேற்பட்டோர் இங்கிலாந்தில் பிணையாட்களாக இருத்தல் வேண்டும். இந்தக் கடைசி விதியை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ளவேண்டும்.

1424 பிப்ரவரியில் லண்டன் சதக் பகுதியில் இருந்த புனித மேரி கோயிலில் திருமணம் நடந்தது. ஏப்ரலில் ஜேம்ஸ் எல்லை கடந்து தாய்நாட்டை அடைந்தான். மே 21ஆம் நாள் ஸ்கூன் என்னும் பழம்பதியில் அவனுக்கு முடிசூட்டினர்.

சட்டமே செங்கோல்

முடிசூடிய சில நாட்களுக்குள்ளேயே பெர்த் நகரில் பாராளுமன்றம் கூடியது. நாடெங்கும் அமைதி நிலவவேண்டும், ஒருவர்மேல் ஒருவர் படையெடுக்கக்கூடாது என்பது முதற் சட்டங்களுள் ஒன்று. 12 வயதான சிறுவர் முதல் அனைவரும் விற்பயிற்சி பெறவேண்டும் என்றும், கால்பந்து ஆடுவோருக்கு 4 பென்சு தண்டம் என்றும் விதித்தனர். கால்பந்தைத் தடுத்த அச்சட்டம் 1906ஆம் ஆண்டுவரை சட்டப் புத்தகத்தில் நீக்கப்படாமலே கிடந்தது என்பது சுவையான செய்தி.

அவற்றினும் சிறந்தது, 1424ஆம் ஆண்டின் பெயரால் வழங்கும் ஏழையர் வழக்குச் சட்டம். பொருளின்மையாலோ அறியாமையாலோ தன் வழக்கைத் தானே நடத்த இயலாத ஏழை ஒருவன் நீதிமன்றத்துக்கு வந்தால், நீதிபதியே அவனுக்கு நேர்மையும் அறிவும் உள்ள வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தித் தரவேண்டும். ஏழை வென்றால் அவனுடைய இழப்பையும் வழக்கறிஞரின் செலவையும் தோற்றவன் ஈடு செய்யவேண்டும். நீதிபதி முறை செய்ய மறுத்தால், வழக்காளி மன்னனிடமே முறையிடலாம். தவறிய நீதிபதி தண்டனைக்குள்ளாவான். இங்கிலாந்தில் இதனையொத்த சட்டம் 1495இல்தான் வந்தது. ஸ்காட்லாந்தில் இச்சட்டத்தை மூலமாகக் கொண்ட ஏழையர் வழக்கு முறை, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரசினர் சட்ட உதவித் திட்டம் ஏற்படும்வரை, ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் நின்று நிலவியது.

1426இல் இன்னுமொரு சட்டம். நாட்டு மக்கள் யாவரும் மன்னனின் சட்டத்துக்கே உட்பட்டவர். தனிக் குடும்பங்களின் சிறப்புரிமைகளுக்கோ, பிற நாட்டுச் சட்டங்களுக்கோ இடமில்லை. அவ்வாண்டே, மக்களின் முறையீடுகளைக் கேட்க ஆண்டுக்கு மூன்று முறை அமரும் குழு ஒன்றும் ஏற்பட்டது. 1532இல் நிறுவப்பெற்ற ஸ்காட்லாந்தின் உயர்நீதிமன்றத்துக்கு இதனை முன்னோடி என்று கூறுவர்.

பகை தீர்த்த படலம்

சட்டம் வகுத்த கையே வாளையும் எடுத்தது. ஆல்பனி கோமகன் 1420இல் இறந்துபோக, அவர் மகன் மர்டாக் ஆட்சிக் காவலனாகியிருந்தான். 1425 மார்ச்சில், பாராளுமன்றம் நடந்துகொண்டிருக்கும்போதே, ஜேம்ஸ் அவனைச் சிறைப்பிடித்தான். மே 24, 25ஆம் நாட்களில் ஸ்டெர்லிங் கோட்டையருகே மர்டாக்கும், அவன் மக்கள் இருவரும், மாமனாராகிய முதிய லெனாக்ஸ் பிரபுவும் தலை வெட்டப்பட்டனர். தீர்ப்பளித்த பிரபுக்கள் 21 பேரில் அத்தால் பிரபு வால்டரும் ஒருவர். அவர் ஜேம்ஸின் தந்தைக்கு மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி. அவர் பெயர் பின்னரும் வரும்.

கொல்லப்பட்டவர்களின் நிலங்கள் யாவும் மன்னனின் உடைமையாயின. 1428இல் மலைநாட்டுத் தலைவர்களை இன்வெர்னஸ் நகருக்குப் பேரவை என்று அழைத்து, வந்தவர்களில் ஐம்பதின்மர் அளவில் சிறைப்படுத்தினான். தீவுகளின் தலைவனாகிய அலெக்சாந்தர் விடுதலை பெற்றதும் இன்வெர்னசை எரித்தான்; மறுமுறை தோற்று, 1429இல் ஹோலிரூட் கோயிலில் உள்ளாடையோடு நின்று வாளை மன்னனிடம் ஒப்புவித்தான். அரசி இரந்து கேட்டதால் உயிர் பிழைத்தான். ஆயினும் 1431இல் இன்வர்லாக்கியில் அவனுடைய உறவினர் மன்னன் படையை முறியடித்தனர். விருந்துக்கு அழைத்துக் கைது செய்யும் மன்னனின் சொல்லை யார் நம்புவர்?

மறந்துபோன பிணையாட்கள்

இனி மீட்புப் பணத்தின் கதை. அதற்காக 1424இல் நாடெங்கும் வரி விதித்தனர். நிலம், கால்நடை, தானியம், சரக்கு எல்லாவற்றுக்கும் பவுனுக்கு 12 பென்சு. அஃதாவது இருபதில் ஒரு பங்கு. மேற்கூறிய வால்டர் போவரே அவ்வரித் தண்டலை மேற்பார்த்தவர்களுள் ஒருவர். முதலாண்டில் மக்கள் முணுமுணுக்காமல் கொடுத்தார்கள். தங்கள் மன்னனை மீட்க அல்லவா கொடுக்கிறோம் என்ற எண்ணம். அடுத்த தண்டலில் முணுமுணுப்பு எழுந்தது. திரண்ட பணத்தில் சிறுபகுதியே இங்கிலாந்துக்குப் போயிற்று. சில ஆண்டுகளில் தவணை அடியோடு நின்றது. மன்னன் லின்லித்கோவில் அழகிய அரண்மனை எழுப்பினான். வெளிநாட்டிலிருந்து பீரங்கிகளை வரவழைத்தான். பட்டும் அணிமணியும் வாங்கினான்.

பணம் நின்றதனால் பிணையாட்கள் மீளவில்லை. அவர்களுள் சிலர் அந்நிய மண்ணிலேயே மாண்டனர். அத்தால் பிரபுவின் மூத்த மகன் டேவிட் அவர்களில் ஒருவன். 1434இல் இங்கிலாந்தில் இறந்தான். இளைய மகன் ஆலனோ இன்வர்லாக்கிப் போரில் மன்னனுக்காகப் போரிட்டு மடிந்தவன். முதியவருக்கு எஞ்சியவன், டேவிட்டின் மகனாகிய ராபர்ட் ஸ்டூவர்ட் என்னும் பேரன் ஒருவனே.

மற்றொருவன் கதை இன்னும் வருந்தத்தக்கது. மாலிஸ் கிரகாம் என்னும் இளைஞனுக்கு ஸ்டிராதேர்ன் என்னும் வளமான பிரபுநிலம் உரியது. 1427இல் ஜேம்ஸ் அதனைப் பறித்து, அத்தால் பிரபுவின் ஆயுட்காலத்துக்கு அவருக்கு அளித்தான். மாலிசுக்கு மென்டீத் என்னும் சிறிய நிலப்பகுதியைக் கொடுத்து, அதே ஆண்டில் அவனைப் பிணையாளாக இங்கிலாந்துக்கு அனுப்பினான். அவன் திரும்பியது 1453இல். 26 ஆண்டுகள் கழித்து. ஜேம்ஸின் சிறையைவிட மாலிசின் சிறை நீண்டது. அந்த மாலிசின் சிற்றப்பன் சர் ராபர்ட் கிரகாம், கல்வியும் நாவன்மையும் உடையவர்.

தன்னைச் சிறையில் மறந்துவிட்ட சிற்றப்பனின் குடும்பத்தைப் பூண்டோடு அழித்தவன் ஜேம்ஸ். ஆனால், தனக்கு ஈடாகச் சிறைசென்றவர்களை அவனே மறந்தான்.

ராக்ஸ்பரோ முதல் பெர்த் வரை

1435இல் டன்பார் குடும்பத்தின் பிரபுநிலமும் பறிமுதலாயிற்று. அடுத்தது யார் என்ற அச்சம் ஒவ்வொரு பிரபுவின் வீட்டிலும் குடிபுகுந்தது. 1436இல் மன்னன் தன் மகள் மார்கரெட்டைப் பிரான்சின் பட்டத்து இளவரசனுக்கு மணமுடித்து, ஆங்கிலேயர் கையில் இருந்த ராக்ஸ்பரோ கோட்டையை ஆகஸ்டுத் திங்களில் முற்றுகையிட்டான். முற்றுகை படுதோல்வியாயிற்று. விலையுயர்ந்த பீரங்கிகளைப் போட்டுவிட்டுப் படை கலைந்தோடியது. மன்னன் மீண்டும் வரி கேட்டபோது, பேரவையில் கிரகாம் எழுந்து, மூன்று வகுப்பாரின் பெயரால் உம்மைச் சிறைப்பிடிக்கிறேன் என்று மன்னன்மேல் கை வைத்தார் என்று அக்காலக் குறிப்பு ஒன்று கூறுகிறது. துணைக்கு ஒருவரும் எழவில்லை. கிரகாம் நாடு கடத்தப்பட்டார். மலைக்குள் ஒளிந்து, மன்னனுக்குத் தாம் கட்டுப்பட்டவரல்லர் என்று அறைகூவினார்.

மன்னன் 1437 பிப்ரவரியில் பெர்த் நகரத்தில் டொமினிக்கன் துறவியர் மடத்தில் தங்கியிருந்தான். 20ஆம் நாள் இரவு, படுக்கைக்குச் செல்லுமுன் அரசியோடும் தோழியரோடும் பேசிக்கொண்டிருந்தான். அரண்மனைப் பணியில் இருந்த ராபர்ட் ஸ்டூவர்ட் கதவுகளைத் தாழின்றி விட்டிருந்தான். கிரகாமும் கூட்டாளிகளும் நுழைந்தனர். ஆயுத ஒலி கேட்ட மன்னன், கணப்படுப்பின் இடுக்கியால் தரைப் பலகையைப் பெயர்த்துக் கீழேயிருந்த கழிவுநீர் அறையில் இறங்கினான். அங்கிருந்து வெளியே செல்ல ஒரு துளை இருந்தது. ஆனால், பந்தாட்டத்தில் பந்துகள் அதற்குள் போய்விடுகின்றன என்று மூன்று நாட்களுக்கு முன்புதான் மன்னனே அதனை அடைக்கச் சொல்லியிருந்தான். கதவின் தாழில் தன் கையையே செருகித் தடுத்ததாகக் காதரின் டக்ளஸ் என்னும் தோழியைப் பற்றிச் சொல்வது பிற்காலக் கதை. மன்னனோ ஆயுதமின்றி வெறுங்கையால் போராடினான்; முதலில் இறங்கிய இருவரைப் பிடித்து அமுக்கினான். இறுதியாகக் கிரகாம் வாளோடு இறங்கினார். மார்பில் மட்டும் 16 காயங்கள் என்று எழுதிவைத்துள்ளனர். அரசி காயத்தோடு தப்பினாள்.

கொலைக்குப் பின்

மன்னனைக் கொன்றால் மக்கள் தம்மை வாழ்த்துவர் என்று எண்ணிய சூழ்ச்சியாளர் ஏமாந்தனர். அரசி ஜோன் உறுதியோடு செயற்பட்டாள். மார்ச்சு 25ஆம் நாள் ஆறு வயது மகன் இரண்டாம் ஜேம்சுக்கு ஹோலிரூட்டில் முடிசூட்டினார்கள். அதன் மறுநாள் முதிய அத்தால் பிரபு, முடியாசைக்கு அடையாளமாகத் தலையில் கிரீடம் ஒன்று வைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். பேரனும் கொடிய வதைக்குப்பின் மாண்டான். ஸ்டெர்லிங்கில் கொல்லப்பட்ட கிரகாம், தாம் கொன்றது மன்னனை அன்று, கொடுங்கோலனை என்றும், குடிகள் மன்னனுக்குக் கட்டுப்பட்டிருப்பது போலவே மன்னனும் குடிகளுக்குக் கட்டுப்பட்டவன் என்றும் இறுதிவரை வாதிட்டாராம்.

கிரகாம் செய்தது கொலை, ஐயமில்லை. ஆனால் அவர் எழுப்பிய வினாவை எளிதில் தள்ளிவிட முடியாது. நீதிபதி முறை தவறினால் மன்னனிடம் முறையிடலாம் என்று ஏழைக்கு வழிகாட்டினான் ஜேம்ஸ். மன்னனே முறை தவறினால் யாரிடம் முறையிடுவது என்பதற்கு அவன் சட்டப் புத்தகத்தில் ஓர் ஏடும் இல்லை. அந்த வழி அடைபட்டிருந்த இடத்தில்தான் கத்தி புகுந்தது.

ஜேம்ஸ் தான் நிறுவிய பெர்த் கார்த்தூசிய மடத்தில் அடக்கம் செய்யப்பட்டான். அந்த மடம் இன்று இல்லை. அவன் திரட்டிய பொன்னும் பீரங்கியும் இல்லை. எஞ்சியவை இரண்டு: சிறையிலிருந்த இளைஞன் வானம்பார்த்துப் பாடிய பாட்டு ஒன்று, வழக்காடப் பொருளில்லாத ஏழைக்கு வழக்கறிஞரைத் தந்த சட்டம் ஒன்று. இரண்டும், சிறைப்பட்டவனின் துன்பத்தை அவன் மறவாதிருந்த பொழுதுகளில் பிறந்தவை.